துணிக் கிளிப்பு ரெண்டு

உக்காருங்கம்மா. கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரமாகும், உள்ள சேலை கட்டிட்டிருக்கா. பூவா? பொண்ணோட அம்மாவுக்குன்னு தனியாக் கட்டச் சொன்னீங்களா, பெரிய மனசு. என்கிட்டக் குடுத்தாலும் சரிதான். இல்ல, அவ கையில குடுத்துட்டுத்தான் வரணும்னு உங்க அண்ணி சொல்லி அனுப்பியிருந்தா அதுவும் நியாயம்தான். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

மாப்பிள்ளைக்கு நீங்க அத்தைன்னு நேத்தே சொன்னாங்க. அப்ப எனக்குச் சம்பந்தியம்மா. நான் பொண்ணோட அப்பா, சௌந்தரபாண்டியன். ஆமா, நேத்து நிச்சயத்துல மைக்கு நின்னுபோனப்புறமும் பேசிட்டிருந்த ஆள் நான்தான். பழக்கம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். எந்த வண்டி எந்த நிமிஷத்துலன்னு கூவிக் கூவியே தொண்டை இப்படி ஆயிடுச்சு. மெதுவாப் பேசுங்கன்னு சொல்லிச் சொல்லித் தமயந்தி அலுத்துட்டா. எனக்கு இதுதான் மெதுவு.

மணி ஏழு இருபத்தஞ்சு. முகூர்த்தம் ஒம்பதுக்கு மேல. நேரம் இருக்கு. இந்த ஆள் ஏன் கதவுக்கு முன்னால காவல்காரன் மாதிரி உக்காந்திருக்கான்னு பாக்கறீங்க. பந்தியில நிக்கணும், வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்லணும், பொண்ணுக்கு அப்பன்னா ஆயிரம் வேலை. எல்லாத்தையும் மச்சினன் தலையில கட்டிட்டு வந்திருக்கேன். ஏழு நாப்பதுக்கு எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு. உள்ள இருந்து கூப்பிடுவா. கூப்பிட்டா போகணும்.

கூப்பிடாம எப்படிக் கட்டுவா, நீங்களே சொல்லுங்க. பட்டு. கரை மட்டுமே ஒரு சாண். கொசுவம் வெச்சு இடுப்புல சொருகிட்டா ஆச்சா? கீழ ஒரு ஆள் குந்தி உக்காந்து மடிப்பை ஒண்ணொண்ணாப் புடிச்சு இழுத்து விட்டாத்தானே விசிறி மாதிரி நிக்கும்? தானே குனிஞ்சு இழுத்தா மேல அவுந்துரும். அந்தக் கீழ உக்கார்ற ஆள் நான்தான். முப்பத்திமூணு வருஷமா.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் சிரிப்பாங்க.

தமயந்தி டீச்சர். ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து எட்டு மாசத்துக்கு முன்னாடிதான் ரிட்டயர் ஆனா. அவ வராண்டாவுல நடந்து வந்தா பள்ளிக்கூடமே வாயை மூடும். கஞ்சி போட்ட காட்டன் சேலைதான் கட்டுவா, தினமும். காட்டன்னா பலகை மாதிரி நிக்கும், தெரியுமில்ல. கல்யாணம் ஆன புதுசுல எங்க அக்காதான் கொசுவம் புடிச்சு விடும். அக்கா ஊருக்குப் போயிருச்சு. ஒருநாள் காலையில நான் ரூமுக்குள்ள சட்டை எடுக்கப் போறேன், இவ கொசுவத்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறா. கூப்பிடவும் மாட்டா, கேக்கவும் மாட்டா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. கண்ணுல தண்ணி மட்டும் நிக்குது. நான் போய்க் குந்தி உக்காந்துட்டேன்.

ஐயோ, எந்திரிங்க, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்கன்னா. காலால கதவைத் தள்ளிச் சாத்தினேன். முடிச்சு விட்டேன். வெளிய போறப்ப வாசப்படிகிட்ட நின்னு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னா.

சொல்லல. எங்க அம்மாவுக்கே தெரியாது. எங்க கயலுக்கே, அதான் உங்க வீட்டுக்கு வரப்போற கயல்விழிக்கே, பத்து வயசு வரைக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் இந்த வாயில ஒரு விஷயம் தங்கிச்சுன்னா அது இது ஒண்ணுதான்.

ஏழு இருபத்தெட்டு. வளையல் சத்தம் கேக்குதா? மேல பாருங்க, அந்த வெண்டிலேட்டர்ல கண்ணாடி இல்ல. அதனால உள்ள நடக்கறது அத்தனையும் எனக்குத் துல்லியமாக் காதுல விழுது. இப்பப் பாவாடை நாடா முடிச்சிட்டா. இனி ஒரு சுத்து வரும். பாத்துக்கிட்டே இருங்க.

காபி குடிச்சீங்களா? சரி.

அந்த நாலு நிமிஷம் இருக்கே சம்பந்தியம்மா, எங்க வீட்டு மந்திரிசபைக் கூட்டமே அதுதான். அவ மேல இருந்து சொல்லுவா, நான் கீழ இருந்து சொல்லுவேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாது, அதனாலயோ என்னவோ எதை வேணா பேசலாம். அவங்க அப்பாவை நம்ம வீட்டுல கொண்டுவந்து வெச்சுக்கலாமான்னு அவ கேட்டது அங்கதான். எனக்கு நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குன்னு நான் சொன்னது அங்கதான், அவ கால் சுண்டுவிரலைப் பாத்துக்கிட்டு. சண்டை போட்டாலும் அந்த நாலு நிமிஷத்துக்கு லீவு கிடையாது. ஒருதடவை அவளைப் பக்கத்து ஊருக்கு மாத்தினாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரை விட்டுச் சொல்லி நிறுத்திட்டேன், அவகிட்டக் கேக்காம. நல்லதுதானே செஞ்சேன்? பதினோரு நாள் பேச்சு கிடையாது. சோறு வெப்பா, தண்ணி வெப்பா, வாயைத் திறக்க மாட்டா. ஆனா ஏழு நாப்பதுக்கு ரூம்ல வந்து கொசுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. நானும் போய்க் குந்துவேன். பன்னெண்டாம் நாள், இடது பக்கம் ஏறியிருக்குன்னா. அவ்வளவுதான். சண்டை முடிஞ்சுது.

அவ இடுப்பு அப்படி, கயலு பொறந்ததுக்கப்புறம். இடது பக்கம் எப்பவும் ஒரு விரக்கடை ஏறும். அதை அவ சொல்றதுக்கு முன்னாடியே நான் இழுத்துருவேன்.

இன்னொண்ணு. நான் குந்தினதும் அவ கை என் தலையில வந்து உக்காரும். முதல்ல பிடிமானத்துக்குன்னு நினைச்சேன். தரையில நிக்கற பொம்பளை எதுக்கு விழப் போறா? அழுத்தாது. நாலு விரல், நடு உச்சியில. சாக்பீஸ் புடிச்சுப் புடிச்சுச் சொரசொரன்னு இருக்கும். முடி இருந்த காலத்துல முடிக்குள்ள இருக்கும், இப்ப இந்த வழுக்கையில. எதுக்கு வெக்கறேன்னு நானும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. எந்திரிக்கறப்ப தானா எடுத்துக்குவா.

என்ன, கதவைக் காட்டறீங்க? மெதுவாவா? அட, கேக்காதும்மா. தேக்குக் கதவு.

சரி, இதைச் சொல்லிடறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி அவளுக்குப் பணி நிறைவு விழா. பந்தல், மாலை, தங்கத்துல ஒரு மோதிரம். எல்லாரும் பேசறாங்க. கண்டிப்பானவங்க, நேர்மையானவங்க, காலந்தவறாதவங்க. ஒருத்தர் பேசினதையே அடுத்தவர். கூட்டம் நெளியுது. டீச்சரோட வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை பேசுவார்னு கூப்பிட்டாங்க. மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. நான் என்ன செய்ய?

நீங்க நினைக்கற நேர்மையும் கண்டிப்பும் இருக்கட்டும், இந்தச் சேலை மடிப்பு இருக்கே, முப்பத்திரண்டு வருஷமா நீங்க பாத்துப் பயந்த இந்த மடிப்பு, இது யார் கைவேலைன்னு தெரியுமான்னு ஆரம்பிச்சேன். அப்புறம் செஞ்சே காட்டிட்டேன். மேடையில இருந்த நாற்காலி முதுகுல என் துண்டைக் கட்டினேன். அதுதான் டீச்சர். நான் கீழ குந்தினேன். இழுங்க, இன்னும் இழுங்க, இடது பக்கம் ஏறியிருக்குன்னு அவ குரல்லயே சொன்னேன். எனக்கு அவ குரல் அப்படியே வரும். சிரிப்புன்னா சிரிப்பு. அப்புறம் அந்தக் கை. பெருமாள் கோவில்ல சடாரி வெப்பாங்கல்ல, அந்த மாதிரி என் தலையில நானே கையை வெச்சு, கண்ணை மூடி, பயபக்தியாக் குனிஞ்சு காட்டினேன். பந்தலே ஆடிருச்சு. தாளாளர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கறார். பசங்க பெஞ்சு மேல ஏறி நிக்கறாங்க. அஞ்சு நிமிஷம் கைத்தட்டல். அன்னிக்குப் பேசின பேச்செல்லாம் எல்லாருக்கும் மறந்திருக்கும், என் பேச்சு மட்டும் மறந்திருக்காது.

வளையல் சத்தம் நின்னுபோச்சு. கொசுவம் வெக்க ஆரம்பிச்சுட்டாபோல. அதுக்குக் கை அசையாம இருக்கணும்.

அவளும் சிரிச்சாளே. போட்டோ இருக்கு, பாருங்க. இதோ, மாலையோட. சிரிக்கலையா? நல்லாப் பெரிசு பண்ணிப் பாருங்க. உதடு மூடித்தான் இருக்கு, ஆனா அவ சிரிப்பே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழட்டி ஆணியில மாட்டினா. அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உக்காந்தா. களைப்பு. நான் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கல. தலையில கை வெச்சதையுமா சொல்லணும்னு கேட்டா. அதுக்குத்தான்டி கைத்தட்டலே அதிகம்னேன். தண்ணியை வாங்கிக் கீழ வெச்சா.

அடுத்த வாரம் காய்கறிக் கடையில ரெண்டு பசங்க, பழைய மாணவனுங்க, டீச்சர், சார் இழுத்து விட்டாச்சான்னு கேட்டுட்டு ஓடினானுங்க. பயம் விட்டுப்போச்சு பாருங்க, ரிட்டயர் ஆனா அவ்வளவுதான் மரியாதைன்னு நான்கூடச் சிரிச்சேன். அவ பாதி வாங்கின தக்காளியை அப்படியே வெச்சுட்டு வந்துட்டா.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போக சேலை கட்டறா. நான் வழக்கம்போல ஏழு நாப்பதுக்குப் போறேன். கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு. உள்பக்கம். எங்க ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. தட்டினேன். வர்றேன்னா. வந்தா. சேலை கட்டியாச்சு. கொசுவம் கத்தி மாதிரி நிக்குது. நான் குனிஞ்சு பாத்தேன், நம்ம புடிச்சதைவிட நேரா இருக்கோன்னு ஒரு சந்தேகம். யார் புடிச்சு விட்டா? வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். யாருன்னேன். யாரும் இல்லன்னா.

ஒரு மாசம் எனக்குப் பிடிபடல. அப்புறம் ஒருநாள் தாழ்ப்பாள் சரியா விழாம கதவு ஒரு விரக்கடை திறந்திருந்துச்சு. பாத்தேன். தப்புதான், என் வீட்டு ரூம், பாத்தேன். கொடியில துணி காயப்போட்டா மாட்டற கிளிப்பு இருக்கே, பிளாஸ்டிக்கு, நீலக் கலர்ல ரெண்டு. கட்டில் மேல உக்காந்து மடிப்பை முழுசும் முதல்லயே வெச்சு, அடியில ரெண்டு கிளிப்பை மாட்டிடறா. அப்புறம் நின்னு இடுப்புல சொருகறா. கடைசியில காலாலயே ஒரு தட்டு, கிளிப்பு ரெண்டும் தெறிச்சு விழுது. எவ்வளவு சுலபம் பாத்தீங்களா. முப்பத்திரண்டு வருஷம் இது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அதை நினைச்சாத்தான் எனக்கு...

ஏழு முப்பத்தி மூணு.

நானும் யோசிக்காத யோசனை இல்ல. ரிட்டயர் ஆனா பொம்பளைங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆகும்னாங்க. இருக்கலாம். சுகர் பாத்தோம், நார்மல். அப்புறம்தான் பிடிபட்டுது, என் முட்டி. போன வருஷம் எந்திரிக்கறப்ப ரெண்டு தடவை கட்டில் காலைப் புடிச்சேன். அதைப் பாத்துட்டுப் பாவம்னு விட்டுட்டா. இதுதான், இதைத் தவிர வேற இருக்க முடியாது. நான் என்ன செஞ்சேன், பார்க்குக்குப் போய்த் தினம் முப்பது தடவை குந்தி எந்திரிச்சேன். தைலம் தேச்சேன். ரெண்டு மாசம். ஒருநாள் அவ காய் நறுக்கிட்டிருக்கா, எதிர்ல நின்னு குந்திக் காட்டினேன். எதையும் புடிக்காம எந்திரிச்சேன். பாரு டீச்சர், முட்டி கெட்டியா இருக்குன்னேன். நிமிந்து பாத்தா. நல்லது, கயலு கல்யாணத்துல மணவறையில உக்காந்து எந்திரிக்கணும்லன்னா. நறுக்க ஆரம்பிச்சுட்டா.

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. மேடையா? மேடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது நல்லா நடந்த விழாம்மா. இன்னிக்கும் அந்த டீச்சர்மாருங்க என்னைப் பாத்தா கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிப்பாங்க.

இல்ல, நீங்க சொல்லுங்க. வேண்டாமா. சரி.

விஷயம் என்னன்னா, போன வாரம் அவ பெட்டி அடுக்கினா. கல்யாணத்துக்குன்னு நினைச்சேன். கல்யாணத்துக்குப் பட்டு ரெண்டு, சரி. காட்டன் சேலை பதினெட்டையும் எடுத்து வெக்கறா. எதுக்குன்னேன். கல்யாணம் முடிஞ்சதும் பொள்ளாச்சிக்குப் போறேன்னா. அங்க அவ தங்கச்சி இருக்கு, தனியா, பெரிய வீடு. எத்தனை நாளைக்குன்னேன். பாப்போம்னா. பாப்போம்னா என்ன கணக்கு? எனக்கு அப்படிச் சொன்னாப் புரியாது சம்பந்தியம்மா. வண்டி எப்ப வரும்னு கேட்டா பாப்போம்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? நேரம் சொல்லிடு டீச்சர், பத்து நாளா, ஒரு மாசமான்னேன். பெட்டியோட மூலையில அந்தக் கிளிப்பு ரெண்டையும் சொருகி மூடினா. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்.

கயலுகிட்டச் சொல்லல. கல்யாணப் பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்ல.

அதனாலதான் இன்னிக்கு. நான் மனசுக்குள்ள ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன். அந்தக் கிளிப்பு காட்டனுக்குத் தாங்கும். இந்தப் பட்டுக்குத் தாங்காது. கரை கனம். அதுக்காகவேதான் கடையில இருக்கறதுலயே கனமான சேலையா நான் எடுத்தேன், அவளுக்கு அது தெரியாது. இன்னிக்கு ஒரு ஆள் வேணும் அவளுக்கு. இன்னிக்குக் கூப்பிட்டுட்டான்னா பொள்ளாச்சிக்குப் போனாலும் வந்துருவா. பத்து நாள், பதினஞ்சு நாள், வந்துருவா. கூப்பிடலன்னா...

உஷ். கேட்டுச்சா? டக்குன்னு. கிளிப்பு. தெறிச்சு விழுந்துச்சு. நான் சொல்லல? தாங்காது.

இன்னொண்ணு விழுது.

ஏழு முப்பத்தொம்பது. சட்டை பின்னால கசங்கியிருக்கா பாருங்க. மோதிரத்தைக் கழட்டிடறேன், இல்லன்னா பட்டுல நூல் இழுத்துரும். நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க, முடிச்சுட்டு வந்ததும் நீங்க போய்ப் பூவைக் குடுங்க. அப்ப அவ நல்ல மனசுல இருப்பா.

தாழ்ப்பாள் எடுக்கறா.

என்ன தமயந்தி, வரட்டுமா? முட்டியெல்லாம் நல்லாத்தான்...

உங்களையாம். உங்களைத்தான் கூப்பிடறா, சம்பந்தியம்மா. என்னை இல்ல. நீங்க கொஞ்சம் உள்ள வாங்கம்மா, ஒரு கை புடிக்கணும்ங்கறா. கேட்டுச்சுல்ல.

அவ என்னைப் பாக்கல. பாத்தீங்களா? மேல பாத்தா. அந்த வெண்டிலேட்டரைப் பாத்துட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டா.

அங்க கண்ணாடி இல்ல.

நான் பேசினது எல்லாமே... முதல்ல இருந்தே கேட்டுட்டாளா?

போங்க. நேரமாச்சு, நிக்க வெக்காதீங்க அவளை. ஒரு நிமிஷம், இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. எல்லாரும் வெளி மடிப்பைத்தான் முதல்ல இழுப்பாங்க, நீங்க உள் மடிப்புல இருந்து ஆரம்பிங்க. இடது உள்ளங்கையில எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் புடிச்சுக்குங்க, வலது கையால ஒண்ணொண்ணா. இடது பக்கம் ஏறும், அவ சொல்றதுக்கு முன்னாடியே ஒரு விரக்கடை இறக்கி விட்டுருங்க. போதும்னு அவ சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. அப்புறம், நீங்க குந்தினதும் அவ கை...

இல்ல. ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லம்மா, நீங்க போங்க. பூத்தட்டை என்கிட்டக் குடுங்க, ரெண்டு கையும் வேணும் உங்களுக்கு. நான் இங்கயே நிக்கறேன். கதவை நல்லாச் சாத்திக்குங்க.

சம்பந்தியம்மா. வெளிய வந்தப்புறம், உள்ள என்ன ஆச்சுன்னு என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க.